நிலைய எண் அடையாளம் ஆகாது: மரூச்சி கழிவுநீர் ரேடியோ வலையமைப்பு, 2000

பின்னணி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், கடலோரமாக அமைந்திருந்த உள்ளாட்சிப் பகுதி மரூச்சி. அங்கே 880 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதாளச் சாக்கடைக் குழாய்களும், பள்ளமான இடங்களில் வந்து சேரும் கழிவுநீரை மேலேற்றிச் சுத்திகரிப்பு நிலையம் நோக்கித் தள்ளுவதற்கு 142 உந்து நிலையங்களும் இருந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 3.5 கோடி லிட்டர் கழிவுநீர் இந்த அமைப்பின் வழியே சென்றது.

ஒவ்வோர் உந்து நிலையத்திலும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கணினி பொருத்தப்பட்டிருந்தது. நிலையத்தில் கோளாறு ஏற்பட்டால் மையத்துக்கு எச்சரிக்கை அனுப்புவதும், மையத்திலிருந்து வரும் கட்டளைப்படி பம்பை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. நிலையங்களுக்கும் மையத்துக்கும் இடையிலும், நிலையங்களுக்கு இடையிலும், செய்திகள் அனைத்தும் தனியார் இருவழி ரேடியோ வழியாகவே சென்றன. இடையில், செய்தியை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் நிலையங்கள் இருந்தன. அவற்றுக்குத் தனித்தனி அலைவரிசைகள் உண்டு. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கணினிக்கும் ஓர் எண் தரப்பட்டிருந்தது. செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை வலையமைப்பு அந்த எண்ணைக் கொண்டே தெரிந்துகொண்டது. கம்பியில்லா உணரி வலையமைப்பு, அதாவது அளந்ததை ரேடியோ வழியே சொல்லும் சிறு கருவிகளின் கூட்டம், என்ற சொல் ஆய்வரங்குகளில் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் பல இயல்புகளைக் கொண்ட ஓர் அமைப்பு இங்கே சாக்கடை நீரைச் சுமந்துகொண்டிருந்தது.

இந்த அமைப்பை நிறுவும் பணி ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் களமேற்பார்வையாளராகப் பணியாற்றிய ஒருவர் 1999 டிசம்பர் 3 அன்று பணியிலிருந்து விலகினார். விலகியபின் உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டார். ஜனவரியில் மறுபடியும் கேட்டபோது வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. நிலையக் கணினிகளை நிறுவிய இடங்கள், அவற்றின் எண்கள், அலைவரிசைகள், அமைப்புகளை மாற்றும் மென்பொருள் ஆகிய அனைத்தும் அவருக்குப் பழக்கமானவை.

இந்த நிகழ்வு வழக்கமாக மனக்கசப்புற்ற முன்னாள் ஊழியர் ஒருவரின் கதையாகவே சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லும்போது, வெளியிலிருந்து வந்த ஒரு ரேடியோ செய்தியை உந்து நிலையம் எதை நம்பி ஏற்றுக்கொண்டது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் தென்பட்டவை

2000 ஜனவரிக் கடைசியிலிருந்து அமைப்பில் விளங்காத கோளாறுகள் தொடங்கின. காரணமின்றி எச்சரிக்கைகள் ஒலித்தன. ஓட வேண்டிய பம்புகள் நின்றன. சில பம்புகள் நிற்காமல் ஓடின. நிலையங்களின் மென்பொருள் அமைப்புகள் யாரும் தொடாமலே மாறியிருந்தன. பம்புகள் நின்றுபோன சில நேரங்களில் எச்சரிக்கை ஏதும் மையத்துக்கு வரவில்லை. ரேடியோ போக்குவரத்து வழக்கத்துக்கு மேல் பெருகியிருந்தது.

புதிதாக நிறுவப்பட்ட எந்த அமைப்பிலும் இத்தகைய கோளாறுகள் வருவது இயல்பு. எனவே முதல் சந்தேகம் கருவிகளின்மீதும் மென்பொருளின்மீதும் விழுந்ததில் குற்றம் காண முடியாது. மென்பொருள் முழுவதும் மறுபடி நிறுவப்பட்டது, நிலையங்கள் சோதிக்கப்பட்டன. கோளாறுகள் நிற்கவில்லை. அதன்பின் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வலையமைப்பில் செல்லும் செய்திகளைத் தொடர்ந்து பதிவுசெய்து படிக்கத் தொடங்கினார். பெருகிய ரேடியோ போக்குவரத்தே முதல் நாளிலிருந்து கண்முன் இருந்த தடயம் என்பது என் கருத்து. பம்பு பழுதானால் செய்திகள் குறையும், அல்லது ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒழுங்கான வடிவில் புதிய கட்டளைகள் கூடுதலாக வந்தால், அவற்றை யாரோ எழுதி அனுப்புகிறார்கள் என்று பொருள்.

மார்ச் 16

அன்று பதிவுகளைப் பின்தொடர்ந்த பொறியாளர், அமைப்பைக் குலைக்கும் செய்திகள் 14-ஆம் எண் உந்து நிலையத்திலிருந்து வருவதாகக் கண்டார். அந்த நிலையத்துக்கு நேரில் சென்று பார்த்தபோது கணினி சரியாக இயங்கிக்கொண்டிருந்தது. யாரும் கைவைத்த தடயம் இல்லை. போலிச் செய்திகளை ஒதுக்கும்படி அவர் நிரலில் தற்காலிக மாற்றம் செய்தார். ஆனால் அதே நேரத்தில் இன்னொருவரும் வலையமைப்பில் இணைந்திருந்ததால், சில வேளைகளில் பொறியாளரின் கணினியே வெளியே தள்ளப்பட்டது.

இதிலிருந்து அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். முதலாவது, இது கருவிக் கோளாறு அன்று. ஒரு மனிதரின் வேலை. இரண்டாவது, எங்கோ அதே வகையான இன்னொரு கட்டுப்பாட்டுக் கணினி 14 என்ற எண்ணைச் சூட்டிக்கொண்டு பேசுகிறது. வலையமைப்பைப் பொறுத்தவரை 14 என்று சொல்லிக்கொண்டவை எல்லாம் 14-ஆம் நிலையமே. உண்மையான நிலையம் எது, போலி எது என்று பிரித்தறிய அதனிடம் வழி எதுவும் இல்லை.

எண்ணை மாற்றிய முடிவு

அடுத்து அவர் செய்தது, சாவியோ (செய்தியைப் பூட்டவோ சரிபார்க்கவோ உதவும் இரகசிய எண்) மறையாக்கமோ (பிறர் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றுவது) இல்லாத ஓர் அமைப்பில் கைக்கெட்டிய ஒரே வழி. உண்மையான 14-ஆம் நிலையத்தின் எண்ணை 3 என்று மாற்றினார். அதன்பின் 3 என்று வரும் செய்தி உண்மையானது. 14 என்று வரும் எதுவும் போலி.

இந்த முடிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாற்றம் நடந்தது எதிராளிக்குத் தெரியாதவரை, 3 என்ற எண் ஓர் இரகசியமாக இயங்கியது. உண்மையான நிலையமும் மையமும் மட்டும் அறிந்த ஒன்றை வைத்து அனுப்புநரை அடையாளம் காண்பதுதான் அடையாளச் சரிபார்ப்பு. அந்த அளவில் பொறியாளர் அன்று உருவாக்கியது உண்மையான சரிபார்ப்பு முறையே. அதன் பயனும் உடனே தெரிந்தது, ஏனெனில் போலிச் செய்திகள் தனியே பிரிந்து நின்று சான்றாகப் பதிவாயின. ஆனால் அந்த இரகசியம் ஒவ்வொரு செய்தியிலும் வெளிப்படையாக வானில் சென்றது. ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவருக்கும் அது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தவிர, மற்ற 141 நிலையங்களின் எண்களும் எடுத்துக்கொள்ளத் தயாராகக் கிடந்தன.

எல்லா எண்களையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றியிருந்தாலும் அதே குறை 142 இடங்களில் இருந்திருக்கும். அமைப்பை முழுவதுமாக நிறுத்திவிடுவதும் இயலாது. வீடுகளிலிருந்து கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும். ஆகவே போலியைக் கண்டறியப் பொறி வைத்து, பதிவுகளைச் சேர்த்து, காவல்துறையின் கண்காணிப்புக்கு வழிவிட்ட முடிவு அந்தச் சூழலில் சரியானதே.

ஏப்ரல் 23

போலிச் செய்திகள் தொடர்ந்தன. ஏப்ரல் 23 இரவு 7.30 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி 9 மணிவரை, 4-ஆம் நிலையத்தின் எண்ணைப் பயன்படுத்தி ஒருவர் நான்கு உந்து நிலையங்களின் எச்சரிக்கைகளைச் செயலிழக்கச் செய்தார். அதற்குள் முன்னாள் மேற்பார்வையாளர்மீது சந்தேகம் விழுந்திருந்தது. அன்றிரவே காவலர்கள் அவருடைய காரை நிறுத்திச் சோதித்தார்கள்.

காரில் ஒரு மடிக்கணினி, ரிப்பீட்டர் நிலையங்களின் அலைவரிசைகளுக்கு அமைக்கப்பட்ட ஓர் இருவழி ரேடியோ, உந்து நிலையங்களில் இருந்த அதே வகையான ஒரு கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவை கிடைத்தன. அந்தக் கட்டுப்பாட்டுக் கணினியின் எண் 4 என்று அமைக்கப்பட்டிருந்தது. அது ஒப்பந்த நிறுவனத்தின் கைவசம் இருந்திருக்க வேண்டிய கருவி என்று பின்னர் தெரியவந்தது. மடிக்கணினியில் நிலையங்களின் அமைப்புகளை மாற்றும் மென்பொருள் பிப்ரவரி 29 அன்று மறுபடி நிறுவப்பட்டு, ஏப்ரல் 19-க்கு முன் குறைந்தது 31 முறை இயக்கப்பட்டிருந்தது.

விளைவு

இந்தக் காலத்தில் ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் ஒரு பெரிய விடுதியின் வளாகத்திலும் கலந்தது. நாளுக்கு 3.5 கோடி லிட்டர் செல்லும் அமைப்பில் இது ஏறத்தாழ அரை மணி நேர ஓட்டம். ஆயினும் ஓடை நீர் கறுத்தது, நீர்வாழ் உயிர்கள் இறந்தன, சுற்றிலும் குடியிருந்தவர்களால் துர்நாற்றத்தைத் தாங்க முடியவில்லை. குடியிருப்புப் பகுதியின் திறந்த வடிகாலில் 500 மீட்டருக்கு மேல் மாசு பரவிக் கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய் ஒன்றிலும் கலந்தது. தூய்மைப்படுத்தும் பணி பல நாள் நீடித்தது.

2001 அக்டோபர் 31 அன்று அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தூய்மைப் பணிக்கான செலவை உள்ளாட்சி மன்றத்துக்குச் செலுத்தவும் உத்தரவிடப்பட்டது. 2002-இல் மேல்முறையீட்டுக்குப் பிறகும் தண்டனை மாறவில்லை.

சாவி இருந்திருந்தால்

செய்திகளை மறையாக்கம் செய்திருந்தால் இது நடந்திருக்காது என்பது வழக்கமான பதில். அது பாதி பதில். இங்கே எவரும் இரகசியமான செய்தி எதையும் திருடவில்லை. சாக்கடை நீர்மட்டத்தை ஒளித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. தேவைப்பட்டது முத்திரை. அனுப்புநரும் பெறுநரும் மட்டும் வைத்திருக்கும் சாவியைக் கொண்டு செய்தி முழுவதின்மீதும் கணக்கிட்டு, செய்தியின் வாலில் சேர்க்கப்படும் சில பைட்டுகளையே முத்திரை என்கிறேன். பெறும் நிலையம் அதே கணக்கைச் செய்து பார்த்து, பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிடும்.

சிறு கருவிகளுக்கு இது பாரம் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. 2004-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான டைனிசெக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அந்த எண்ணத்தை மாற்றியது. பேட்டரியில் ஓடும் சிறு உணரிகளில் 4 பைட் முத்திரையே போதும் என்று அது காட்டியது. நொடிக்கு 19.2 கிலோபிட் மட்டுமே செல்லும் ரேடியோவில் நொடிக்கு 40 போலிச் செய்திகளைத்தான் அனுப்ப முடியும். குருட்டாம்போக்கில் முத்திரை பொருந்துவதற்கு அந்த வேகத்தில் 20 மாதங்களுக்கு மேல் ஆகும். அலைவரிசை மெதுவாக இருப்பது இங்கே பாதுகாப்புக்குத் துணை நிற்கிறது. மின்கம்பியில் இயங்கும் உந்து நிலையக் கணினிக்கு இது ஒரு சுமையே அன்று.

ஆனால் டைனிசெக் சாவியை எப்படிப் பகிர்வது என்ற கேள்விக்குள் ஆழமாகப் போகவில்லை. வலையமைப்பு முழுமைக்கும் ஒரே சாவி என்பதே அதன் எளிய பயன்பாட்டு முறை. மரூச்சியில் அப்படி ஒரே சாவி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏப்ரல் 23 இரவு காரில் இருந்த கட்டுப்பாட்டுக் கணினிக்குள்ளும் அதே சாவி இருந்திருக்கும். அதன் எண்ணை 4 என்று மாற்றி அனுப்பும் செய்திக்கு அது சரியான முத்திரையையே இட்டிருக்கும். 142 நிலையங்களும் அதை நம்பியிருக்கும். பொறியாளர் மார்ச் 16 அன்று பார்த்ததைவிட மோசமான நிலையில் இருந்திருப்பார். ஏனெனில் முத்திரை சரியாக இருக்கும் செய்தியைப் போலி என்று சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது.

ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் மையத்துக்கும் இடையே தனிச்சாவி வேண்டும். 142 நிலையங்களுக்கு 142 சாவிகள். சாவிக்கு 16 பைட் என்றால் மையத்தில் மொத்தம் 2,272 பைட். நிலையங்கள் தமக்குள் பேசவேண்டிய தேவைக்காக ஒவ்வோர் இணைக்கும் ஒரு சாவி வைத்தால் 10,011 சாவிகள் ஆகும். அதைத் தவிர்க்க, இரண்டு நிலையங்களுக்கும் பொதுவாக நம்பிக்கைக்குரிய மையமே அவ்வப்போது தற்காலிகச் சாவியை வழங்கலாம். 2001-இல் வெளிவந்த ஸ்பின்ஸ் என்ற ஆய்வு இதே வழியை வகுத்தது. 2002-இல் எஷனாவர், கிளிகோர் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த முறையில், பெரிய தொகுப்பிலிருந்து தற்செயலாகப் பொறுக்கிய சாவிகளை ஒவ்வோர் உணரிக்கும் முன்கூட்டியே தருவார்கள். விமானத்திலிருந்து தூவப்பட்டு யார் பக்கத்தில் யார் விழுவார் என்று தெரியாத உணரிகளுக்கு ஏற்ற முறை அது. நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்பது வரைபடத்திலேயே உள்ள மரூச்சி போன்ற இடத்தில் அந்தச் சிக்கலை வரவழைத்துக்கொள்ளத் தேவையில்லை.

தனிச்சாவி இருந்தால் காரில் இருந்த கருவி தன் சொந்தச் சாவியை மட்டுமே வைத்திருக்கும். எண்ணை 4 என்று மாற்றினாலும் முத்திரை 4-ஆம் நிலையத்தின் சாவியோடு பொருந்தாது. கருவி காணாமல் போனது தெரிந்தவுடன் மையத்தின் பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்கினால் அதன் வாய் அடைபட்டுவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு, அதுவே இந்த நிகழ்வில் மிகக் கடினமான இடம். விலகியவர் நிலையங்களை நிறுவும் பணியை மேற்பார்த்தவர். நிறுவும்போது சாவிகளை மடிக்கணினியிலிருந்து ஏற்றும் வழக்கம் இருந்திருந்தால், 142 சாவிகளும் அவர் கையைக் கடந்துதான் போயிருக்கும். அப்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். புதிய சாவியைப் பழைய சாவியால் மூடி ரேடியோவில் அனுப்பினால் வேலை எளிதில் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பழைய சாவி தெரிந்தவர் அந்தச் செய்தியைக் கேட்டுப் புதிய சாவியையும் எடுத்துக்கொள்வார். நிலையம் நிலையமாக நேரில் செல்வதே நம்பத்தக்க வழி. நாளொன்றுக்குப் பத்து நிலையம் என்றால் 15 நாள். டிசம்பர் 3-க்கும், குற்றச்சாட்டுகளில் குறிப்பிடப்பட்ட முதல் நாளான பிப்ரவரி 9-க்கும் இடையே 68 நாள் இருந்தது. கால அவகாசம் போதுமானதே.

சாவிகளை நிறுவுபவர் கண்ணில் படாமல் ஏற்றும் முறையை முதலிலேயே வகுத்திருந்தால் இந்த 15 நாள் அலைச்சலும் தேவைப்பட்டிருக்காது. நிறுவும்போது தற்காலிகச் சாவி. நிறுவி முடிந்தபின் மன்றத்தின் சொந்த ஊழியர் ஒருவர் சிறு கருவியோடு சென்று நிலையான சாவியை ஏற்ற வேண்டும். ஒப்பந்த நிறுவனத்துக்கு நிலையான சாவிகள் தெரியவே கூடாது. என் அனுபவத்தில், ஒப்பந்தங்களில் மிக எளிதாக எழுதக்கூடியதும், மிக அரிதாக எழுதப்படுவதும் இந்த வரிதான்.

மாற்ற வேண்டிய பிற

முத்திரை மட்டும் போதாது. சரியான முத்திரையோடு நேற்று சென்ற 'பம்பை நிறுத்து' என்ற கட்டளையைப் பதிவுசெய்து இன்று மறுபடி ஒலிபரப்பினாலும் முத்திரை பொருந்தும். ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண்ணைச் சேர்த்து, பழைய எண் வந்தால் தள்ளிவிட வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் கருவி இந்த எண்ணைப் பூச்சியத்திலிருந்து தொடங்கினால், பழைய செய்திகள் எல்லாம் மறுபடி செல்லுபடியாகிவிடும். ஆகவே மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் அதை எழுதிவைக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் யாரும் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்ப்பதில்லை. களத்தில் அது மழைக்காலம்தோறும் நடக்கும்.

கட்டுப்பாட்டு அமைப்புகளுக்காக ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2012-இல் வெளியிட்ட 1815 தரத்தில், முக்கியமான கட்டளை வந்தவுடன் அதை நிறைவேற்றாமல், நிலையம் ஒரு புதிய எண்ணைத் திருப்பி அனுப்பி, அதற்குச் சாவியால் கணக்கிட்ட பதிலைக் கேட்கும் முறை உண்டு. பழைய பதிவைத் திருப்பி அனுப்புபவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எச்சரிக்கை வராமல் போனதும் கவனிக்க வேண்டியது. மரூச்சியில் பம்பு நின்றது, எச்சரிக்கையும் மௌனமானது. மௌனத்தை மையம் நலம் என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நிலையமும் குறித்த இடைவெளியில் முத்திரையிட்ட ஒரு சிறு செய்தியை அனுப்ப வேண்டும்; அது வராவிட்டால் அதையே எச்சரிக்கையாக எண்ண வேண்டும்.

சாவிகளால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. அலைவரிசை முழுவதையும் இரைச்சலால் நிரப்பினால் எந்த முத்திரையும் உதவாது. அதற்காகவே, ரேடியோ எந்த நிலையில் இருந்தாலும், உந்து நிலையத்தில் கழிவுநீர் சேரும் கிணற்றில் நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால், நீரோடு உயரும் மிதவை விசை (சுவிட்ச்) நேரடிக் கம்பி வழியே பம்பை ஓட்ட வேண்டும். அந்தக் கம்பியை எந்தக் கட்டளையாலும் துண்டிக்க முடியாதபடி அமைக்க வேண்டும்.

கடைசியாக, உதிரிக் கருவிகள் வைக்கும் அலமாரி. காரில் கிடைத்த கட்டுப்பாட்டுக் கணினி அங்கிருந்து வெளியேறியது எப்போது என்று கேட்டவுடன் பதில் சொல்லக்கூடிய பதிவேடு தேவை. ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளில், அவர் பெயரில் உள்ள கருவிகளை வரிசை எண்ணோடு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால், அன்று மாலைக்குள் மையத்தில் அதன் சாவி நீக்கப்பட வேண்டும். கருவியைத் தேடும் வேலையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.